நாவுக்கும் ஒரு நடுவர் வேண்டும்

விளையாட்டு மைதானத்தில் வரம்பு மீறும் ஆட்டக்காரரைத் தடுக்க நடுவர் ஒருவர் இருக்கிறார். முதலில் விசில் ஊதுகிறார். பிறகு மஞ்சள் அட்டை காட்டுகிறார். அதற்கும் அடங்காதவரைச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றுகிறார். ஆனால் மைதானத்தைச் சுற்றி அமர்ந்திருக்கும் பல்லாயிரம் நாவுகளுக்கு நடுவர் யார்? அந்த நாவுகள் ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

அன்புள்ள வாசகர்களே! இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஒருவரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் ஜஸ்டின் ஃபஷானு. தாம் தன்பாலின ஈர்ப்பு உடையவர் என்பதை, ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே வெளிப்படையாக அறிவித்த முதல் தொழில்முறைக் கால்பந்து வீரர் அவர்.

இப்படியொரு பொருளைக் குடும்ப இதழில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதாவிட்டாலும் இப்பொருள் நம் வீட்டிற்குள் நுழையாமல் இருக்கப் போவதில்லை. ஐரோப்பியக் கால்பந்தாட்டங்களை நம் பிள்ளைகள் இரவு கண்விழித்துப் பார்க்கிறார்கள். அணித்தலைவரின் கையில் ஏன் வானவில் நிறப் பட்டை, இன்ன வீரர் மட்டும் அதை ஏன் அணிய மறுத்தார் என்றெல்லாம் என்னிடம் ஓதும் மாணவர்களே கேட்கிறார்கள். நாம் விடை சொல்லாவிட்டால் வேறு யாரோ சொல்லிவிடுவார்கள். அந்த விடை பெரும்பாலும் ஒரு கேலிச் சொல்லாகவே இருக்கும்.

பத்து லட்சம் பவுண்டு வீரர்

ஜஸ்டின் 1961ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை நைஜீரியர்; தாய் கயானா நாட்டைச் சேர்ந்த செவிலியர். பெற்றோர் பிரிந்தனர். பிள்ளைகளை வளர்க்க வழியின்றி, ஜஸ்டினும் தம்பி ஜானும் பர்னார்டோ என்ற அறநிலையத்தின் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். பின்னர் நார்ஃபோக் மாவட்டத்து வெள்ளையர் குடும்பம் ஒன்று இருவரையும் எடுத்து வளர்த்தது. சுற்றிலும் வெள்ளை முகங்களே நிறைந்த கிராமப்புறத்தில், ஒருவருக்கொருவர் துணையாக இரண்டு கறுப்பினச் சிறுவர்கள் வளர்ந்தனர். அண்ணன் தம்பி உறவு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

குத்துச்சண்டையிலும் சிறந்து விளங்கிய ஜஸ்டின், இறுதியில் கால்பந்தைத் தேர்ந்துகொண்டார். நார்விச் சிட்டி கழகத்திற்காக 90 லீக் ஆட்டங்களில் 35 கோல்கள் அடித்தார். 1980 பிப்ரவரியில் லிவர்பூல் அணிக்கு எதிராக அவர் அடித்த கோலை இன்றும் நினைவுகூர்கிறார்கள். கோலுக்கு முதுகைக் காட்டி நின்றவர், வந்த பந்தை ஒரு காலால் மேலே தட்டி, சட்டெனத் திரும்பி, தரையில் விழுமுன் மறுகாலால் உதைத்தார். பந்து வலையின் மூலையைத் தொட்டது. அந்த ஆட்டத்தில் நார்விச் 3-5 என்று தோற்றது. ஆயினும் அந்தக் கோலையே அவ்வாண்டின் சிறந்த கோலாகப் பிபிசி தேர்ந்தெடுத்தது.

1981இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கழகம் அவரைப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்த விலையைப் பெற்ற முதல் பிரிட்டிஷ் கறுப்பின வீரர் அவர்தாம். அப்போது வயது இருபது. 1979, 1980 என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்த கழகம் அது. மேலாளர் புகழ்பெற்ற பிரையன் கிளஃப். ஓர் இளைஞனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறு எது?

ஆனால் அங்கேதான் சரிவு தொடங்கியது. ஜஸ்டின் தன்பாலின விருப்பமுடையோர் கூடும் விடுதிகளுக்குச் செல்கிறார் என்ற செய்தி மேலாளரின் காதுக்கு எட்டியது. கிளஃப் அவரைக் கூப்பிட்டு இழிசொல்லால் கேள்வி கேட்டார்; அதைத் தம் சுயசரிதையில் தாமே எழுதியும் வைத்தார். பயிற்சிக்கு வரக்கூடாதென்று தடை விதித்தார். தடையை மீறி வந்த ஜஸ்டினைக் காவலர்களை அழைத்து வெளியேற்றச் செய்தார். அந்தக் கழகத்திற்காக 32 லீக் ஆட்டங்களில் ஜஸ்டின் அடித்த கோல்கள் மூன்றே மூன்று. பத்து லட்சத்துக்கு வாங்கப்பட்டவர், 1982இல் ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டார்.

அவர் சரியாக ஆடாததும் ஒரு காரணமே என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். ஆனால் தன்னைத் தினமும் இழிவாகப் பார்க்கும் மேலாளரின் கண்முன்னே எந்த இளைஞனின் கால்கள் சரியாக இயங்கும்? அதே காலத்தில் மைதானங்களில் அவர் தோலின் நிறத்துக்காகவும் வசைகள் விழுந்தன, வாழைப்பழங்கள் வீசப்பட்டன. இரண்டு இழிவுகளை ஒரே தோளில் சுமந்தார் அவர்.

தம்பியின் கதவு

முழங்கால் காயம் அவருடைய ஆட்டத்தை மேலும் கெடுத்தது. சிகிச்சைக்காகவும் ஆட்டத்திற்காகவும் அமெரிக்கா, கனடா என்று அலைந்தார். 1990 அக்டோபரில் 'தி சன்' நாளிதழின் முதல் பக்கத்தில் அவருடைய அறிவிப்பு வெளிவந்தது. பரபரப்பை விற்றுப் பிழைக்கும் இதழ் அது.

பார்வையாளர் அரங்குகளின் ஏளனம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத அடி வேறிடத்திலிருந்து விழுந்தது. தம்பி ஜான் அப்போது விம்பிள்டன் கழகத்தின் புகழ்பெற்ற வீரர், 1988இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். அண்ணன் தனக்கு வேண்டாதவர், விலக்கி வைக்கப்பட்டவர் என்ற பொருள்பட அவர் அளித்த பேட்டி, அப்போது கறுப்பின மக்களின் வார இதழாக இருந்த 'தி வாய்ஸ்' வழியாக உலகறிய வெளியாயிற்று. வெளியே சொல்லாமல் இருப்பதற்காக அண்ணனுக்குப் பணம் கொடுத்ததைப் பின்னாளில் ஜானே ஒப்புக்கொண்டார். அநாதை இல்லத்தில் கைகோத்து நின்ற இரு சிறுவர்களில் ஒருவர், மற்றவருக்குத் தம் வீட்டுக் கதவைச் சாத்தினார்.

ஜஸ்டினைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. பிரிட்டிஷ் அரசியல்வாதிகளைப் பற்றிய கதைகளைப் பத்திரிகைகளுக்கு விற்க முயன்ற விவகாரத்தில், 1994இல் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கழகம் அவரை நீக்கியது. 1998 மார்ச்சில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பதினேழு வயது இளைஞர் ஒருவர் அவர்மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு கூறினார். ஜஸ்டின் அதை மறுத்தார், நாட்டைவிட்டு வெளியேறினார். அந்தக் குற்றச்சாட்டு நீதிமன்ற விசாரணையைக் காணவே இல்லை. அது உண்மையா பொய்யா என்று தீர்ப்பளிக்க நமக்கு உரிமையில்லை.

1998 மே மாதத் தொடக்கத்தில் லண்டனில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 37. தமக்கு நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையை அவர் இழந்திருந்தார்.

தம்பி வருந்தினார், ஆனால் காலம் கடந்துவிட்டது. ஜானின் மகள் அமல், பெரியப்பாவின் கதையை ஆராய்ந்து 2012இல் பிபிசிக்காக ஓர் ஆவணப்படம் வழங்கினார். அண்ணனுக்குத் தாம் செய்ததைக் குறித்த வருத்தத்தை ஜான் வெளியிட்டார். 2020இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் ஜஸ்டினின் பெயரைப் பெருமைக்குரியோர் வரிசையில் சேர்த்தது. விருதை வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

முப்பத்திரண்டு ஆண்டு மௌனம்

ஜஸ்டின் பட்ட பாட்டைக் கண்ட மற்றவர்கள் என்ன பாடம் கற்றார்கள்? வாயைத் திறக்காதே என்ற பாடத்தைத்தான். 1990க்குப் பிறகு பிரிட்டனில் ஆடிக்கொண்டிருக்கும் ஆண் கால்பந்து வீரர் ஒருவர் இவ்வாறு அறிவிக்க 2022 மே மாதம் வரை ஆயிற்று. பிளாக்பூல் கழகத்தின் ஜேக் டேனியல்ஸ் என்ற பதினேழு வயது இளைஞர் அவர். இடைப்பட்ட காலத்தில் சிலர் ஆட்டத்தை விட்டு விலகிய பின்னரே அறிவித்தனர். ஜெர்மனியின் தாமஸ் ஹிட்ஸ்ஸ்பெர்கர் 2013இல் ஓய்வு பெற்று, 2014இல்தான் பேசினார். இங்கிலாந்தின் லீட்ஸ் கழகத்தில் ஆடிய அமெரிக்கர் ராபி ராஜர்ஸ், 2013 பிப்ரவரியில் அறிவித்த அதே நாளில் ஓய்வையும் அறிவித்தார்; அப்போது அவருக்கு வயது 25. சில மாதங்களில் மனம் மாறி அமெரிக்காவில் மீண்டும் ஆடினார்.

மற்ற விளையாட்டுகளிலும் ஏறத்தாழ இதே நிலைதான். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து வீரர் ஜேசன் காலின்ஸ் 2013இலும், அந்நாட்டுக் கால்பந்தான என்எஃப்எல் வீரர் கார்ல் நசிப் 2021இலும் அறிவித்தனர். டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் தனிவாழ்க்கை 1981இல் ஒரு வழக்கினால் வெளிப்பட்டபோது, விளம்பர ஒப்பந்தங்கள் அவரை விட்டு வேகமாக விலகின. பெண்கள் விளையாட்டில் இன்று அந்த அச்சம் பெருமளவு குறைந்துள்ளது. ஆண்கள் கால்பந்தில்தான் அது ஆழ வேரூன்றி நிற்கிறது.

காரணம் புரியாததன்று. ஆட்டக்காரரின் பிழைப்பு மூன்று இடங்களைச் சார்ந்திருக்கிறது. ஒன்று, உடைமாற்றும் அறை. அங்கே தோழர்களின் கேலிக்குத் தப்ப வேண்டும். இரண்டு, சந்தை, விலைபேச வரும் கழகம் 'தொல்லை பிடித்தவர்' என்று ஒதுக்கிவிடலாகாது. மூன்று, பார்வையாளர் அரங்கு. அங்கே வசையே பாட்டாக ஒலிக்கிறது. செல்சீ அணியினரை நோக்கி எதிரணி ரசிகர்கள் ஆண்டாண்டுகளாகப் பாடிவந்த இத்தகைய இழிபாட்டு ஒன்றை, 2022இல்தான் பிரிட்டிஷ் அரசு வழக்குத் தொடுப்புத் துறை வெறுப்புக் குற்றம் என்று வகைப்படுத்தியது.

வதந்திக்குப் பலியானவர்

வசைபாடும் கூட்டத்திற்கு உண்மைகூடத் தேவையில்லை. கிரேம் லெ சோ என்ற வீரரின் கதை இதற்குச் சான்று. இங்கிலாந்து அணிக்கும் செல்சீக்கும் ஆடியவர், மணமானவர், தன்பாலின ஈர்ப்பு இல்லாதவர். அவர் செய்த 'குற்றங்கள்' என்ன தெரியுமா? 'கார்டியன்' நாளிதழ் வாசித்தார். கல்லூரிக்குச் சென்றிருந்தார். 1991 கோடையில் அணித் தோழர்களோடு சுற்றுலா சென்று வந்தார். இவை போதுமாயிற்று. உடைமாற்றும் அறையில் பிறந்த ஒரு கேலி, அரங்குக்குப் பரவி, நாடெங்கும் பாட்டாகி, ஆட்டக்காலம் முழுதும் அவரைத் துரத்தியது. 1999 பிப்ரவரியில் லிவர்பூல் வீரர் ராபி ஃபவுலர், பல்லாயிரவர் முன்னிலையில் மைதானத்திலேயே அவரை நோக்கி ஆபாசமாகச் சைகை காட்டினார். பொறுமையிழந்த லெ சோ பின்னர் ஃபவுலரை முழங்கையால் தாக்கினார். இருவரும் தண்டனை பெற்றனர்.

சூரத்துல் ஹுஜுராத்தை ஓதியவர்களுக்கு இச்சம்பவம் எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வது, பட்டப்பெயர் சூட்டுவது, ஐயத்தை வளர்ப்பது, பிறர் அந்தரங்கத்தைத் துருவுவது, புறம் பேசுவது ஆகிய அனைத்தையும் அடுத்தடுத்துத் தடுக்கும் அத்தியாயம் அது. லெ சோவுக்கு நேர்ந்ததில் இவற்றுள் எது இல்லை? ஜஸ்டினுக்கு நேர்ந்ததில்தான் எது இல்லை?

மறுத்தவர்களும் மதித்தவர்களும்

இனி நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு வருவோம். அண்மை ஆண்டுகளில் காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியது. கழகங்களும் லீக் அமைப்புகளும் வானவில் நிற எண்கள், கைப்பட்டைகள், காலணிக் கயிறுகள் வாயிலாகத் தன்பாலின ஈர்ப்புடையோருக்கு ஆதரவு காட்டின. இதில் சில முஸ்லிம் வீரர்கள் மனச்சங்கடத்துக்கு ஆளாயினர்.

2022 மே மாதம் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் அணியின் செனெகல் நாட்டு வீரர் இத்ரிஸ்ஸா கெய், வானவில் எண் பொறித்த சட்டையணிந்து ஆடவேண்டிய ஆட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. தனிப்பட்ட காரணம் என்று மட்டும் பயிற்சியாளர் கூறினார். பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுக்கக் குழு அவரிடம் விளக்கம் கேட்டது. செனெகல் அதிபராக இருந்த மேக்கி சால் அவரை ஆதரித்தார். 2024 மே மாதம் மொனாக்கோ கழகத்தின் மாலி வீரர் முஹம்மது கமரா, சட்டையிலிருந்த சின்னத்தை ஒட்டுத்தாளால் மறைத்தார். நான்கு ஆட்டங்களுக்குத் தடை பெற்றார். அதே ஆண்டு இறுதியில் இங்கிலாந்தின் இப்ஸ்விச் டவுன் அணித்தலைவரும் எகிப்து நாட்டு வீரருமான சாம் மொர்ஸி, வானவில் கைப்பட்டையை அணியவில்லை. மார்க்க நம்பிக்கையின் காரணமாக அவர் எடுத்த முடிவை மதிப்பதாகவும், ஆதரவு இயக்கத்தில் தாம் தொடர்ந்து பங்கேற்பதாகவும் கழகம் அறிவித்தது. அதே வாரங்களில் கிறிஸ்டல் பேலஸ் அணித்தலைவர் மார்க் கெஹி, பட்டையை அணிந்தாலும் அதன்மேல் இயேசுவின்மீதான தம் அன்பை எழுதிக்கொண்டார். ஆகவே இந்தச் சங்கடம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மொர்ஸி பட்டையை அணியவில்லை, அவ்வளவே. எவரையும் ஏசவில்லை. எந்த ரசிகரையும் அவமதிக்கவில்லை. தமது சாதாரணக் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு ஆடினார். கழகமோ அவர் மனச்சாட்சியை மதித்தது. தன் கொள்கையையும் விட்டுவிடவில்லை. கருத்து வேறுபட்ட இரு தரப்பும் மரியாதையாக ஒரே மைதானத்தில் நிற்க முடியும் என்பதற்கு இது சான்று.

ஆனால் இவ்வீரர்களுக்காகக் கைதட்டியவர்களில் சிலர் சமூக வலைத்தளங்களில் எழுதியவற்றைப் படித்தால் வேதனையாக இருக்கிறது. மறுத்தவரின் கண்ணியம் அவர்களுக்குப் புலப்படவில்லை. அதைச் சாக்காக வைத்து மற்றவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மார்க்கத்தைக் காக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு, மார்க்கம் தடுத்ததையே செய்தார்கள்.

நமக்கு என்ன?

இவ்விஷயத்தில் நம் மார்க்கத்தின் சட்டம் என்ன என்பதை வாசகர்கள் அறிவர். அதை மாற்றி எழுத இக்கட்டுரை வரவில்லை. ஆனால் ஒரு செயலைச் சரியன்று எனக் கருதுவது வேறு. ஒரு மனிதரை ஓட ஓட விரட்டுவது வேறு. முன்னது நம்பிக்கை சார்ந்தது. பின்னது அநீதி. அநீதிக்கு மார்க்கத்தில் இடமே இல்லை. அது யாருக்கு இழைக்கப்பட்டாலும் அநீதியே. பிரையன் கிளஃபுக்கும், அரங்கில் வசைபாடியவர்களுக்கும் வேதத்தின் மீதோ சட்டத்தின் மீதோ அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. தங்களைவிட மாறுபட்ட ஒருவரை மிதிப்பதில் கிடைத்த இன்பமே அவர்களை இயக்கியது. அந்த இன்பத்தை நாம் பேணுதல் என்று பெயரிட்டு அழைக்கலாகாது.

நம் வீடுகளையும் எண்ணிப் பாருங்கள். பந்தைத் தவறவிட்ட ஆட்டக்காரரை நம் பிள்ளைகள் என்ன பெயர் சொல்லித் திட்டுகிறார்கள்? நடையிலோ குரலிலோ சற்று மென்மையான வகுப்புத் தோழனுக்கு என்ன பட்டம் சூட்டுகிறார்கள்? அதைக் கேட்டு நாமும் சிரித்திருக்கிறோமா? லெ சோவைத் துரத்திய பாட்டும் இப்படியொரு சிரிப்பில் தொடங்கியதுதான்.

இன்னொன்றும் உண்டு, சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். நம் குடும்பங்களில் அப்படி எவரும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல எந்த வாப்பாவாலும் எந்த உம்மாவாலும் இயலாது. தன் மனத்தோடு தானே போராடிக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல், இரவில் அழுதுகொண்டிருக்கும் ஒரு பிள்ளை எந்தத் தெருவிலும் இருக்கலாம். அவன் காதில் நாள்தோறும் விழுவது நம் ஏளனமே என்றால், துன்பம் முற்றும் நாளில் அவன் யாரிடம் போவான்? பெற்றவரிடம் வராத பிள்ளை எங்கே போகும் என்பதை நினைத்தாலே நெஞ்சு நடுங்குகிறது. அவனை அருகில் அமர்த்தி, கோபப்படாமல் செவிமடுப்பது அவன் செய்வதற்கெல்லாம் தலையாட்டுவதாகாது. அவன் உயிரையும் உறவையும் காக்கும் கடமை அது. ஜான் ஃபஷானு அந்தக் கடமையைத் தவறவிட்டார். மீதி வாழ்நாள் முழுதும் அதைச் சுமக்கிறார்.

ஆகவே, பிள்ளைகள் கேட்கும்போது அதட்டி வாயடைக்காதீர்கள். நம் நிலை இன்னது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதே மூச்சில் ஜஸ்டினின் கதையையும் சொல்லுங்கள். மொர்ஸியின் கண்ணியத்தையும் சொல்லுங்கள். எவருடைய மானத்தையும் விளையாட்டுப் பொருளாக்கலாகாது என்று கற்றுக்கொடுங்கள். மைதானத்து நடுவர் காண்பது இருபத்திரண்டு ஆட்டக்காரர்களை மட்டுமே. நம் நாவிலிருந்து உதிரும் ஒவ்வொரு சொல்லையும் எழுதுவோர் நம் இரு புறமும் அமர்ந்திருக்கிறார்கள் என்று நம்பும் சமுதாயம் நாம்.

அல்லாஹ் நம் நாவுகளையும் நம் பிள்ளைகளின் நாவுகளையும் அநீதியிலிருந்து காப்பானாக! ஆமீன்.